சாய்தளத்து ஆஞ்சநேயர்

1

ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்தும் தளத்தில் குடியேறிய ஆஞ்சநேயருக்கு வரும் சனிக்கிழமை முதலாம் ஆண்டு விழா. அழைப்பு வாட்ஸாப்பில் வந்தது. மேலே ஆஞ்சநேயர் படம், கீழே பாத்திரக்கடை முரளியின் படம், இரண்டும் ஒரே அளவு. ‘அனைவரும் குடும்பத்துடன் வருக’ என்று போட்டு, கீழே இறங்க வழியில்லாத என் அம்மாவுக்கும் அதையே அனுப்பியிருக்கிறார்கள்.

அதைப் படித்தபோது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில், கையில் துடைப்பத்தோடு படிக்கட்டில் நின்றிருந்தேன். இந்தக் கட்டடத்தில் மாடிப்படியைச் சுத்தம் செய்வது வாரத்துக்கு ஒரு வீட்டின் முறை. முறை யாருக்கு வருகிறதோ அவர்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு சின்னப் பலகை வந்து தொங்கும். பெருக்கித் துடைத்துவிட்டுப் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். மேற்பார்வைக்கு என்று யாரும் கிடையாது. கீழ்வீட்டு அம்மாள் ஃப்ராவ் ஹோல்ட்ஸ் மட்டும் தன் கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்திருப்பார். அது போதும். கார்களுக்குள் ஓடும் மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. அலுவலகத்தில் என் சொல்லுக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தக் கட்டடத்தில் என் மதிப்பு, படி மூலையில் தூசி இருக்கிறதா இல்லையா என்பதில்தான் இருக்கிறது.

என் மகள் இலா பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீடு திரும்பிய அன்று பலகை எங்கள் கதவில் தொங்கியது. ஃப்ராவ் ஹோல்ட்ஸ் குழந்தையின் முகத்தைப் பார்த்தார், வாழ்த்துகள் என்றார், அதே மூச்சில் பலகையைக் காட்டினார். தையல் வலியோடு நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க, என் கணவர் பெருக்கினார். அம்மா போனில் கொதித்துப்போனாள்.

“பிள்ளை பெத்தவ கதவுலயா கொண்டாந்து மாட்டுவா, கட்டையில போறவ!”

நானோ அந்தப் பெண்மணிக்காக வாதாடினேன். யாருக்கும் விதிவிலக்கு இல்லை பாரும்மா, அதனால்தான் இந்த ஊர் ஊராக இருக்கிறது என்றேன். சட்டதிட்டங்கள்மேல் எனக்கு அப்போது புதுக் காதல். பேருந்து சொன்ன நேரத்துக்கு வந்தாலே கண் கலங்குகிற காலம்.

இலாவுக்கு இப்போது ஐந்து வயது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். இங்கே ஞாயிறன்று சத்தம் கூடாது. பாட்டில் போடக் கூடாது. இலா நேரே போய் ஃப்ராவ் ஹோல்ட்ஸிடம் சொல்லிவிட்டாள். “ஏண்டி சொன்னே?” என்றால், “கேட்டாங்க” என்கிறாள். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிற பிள்ளை. இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு நம் ஊர் அசோசியேஷன் எதிலும் ஒரு வாரம் காலம் தள்ள முடியாது.

2

எங்கள் அடுக்ககம் கொள்ளிடக்கரைப் பக்கம். பன்னிரண்டு வீடுகள். இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. பத்திரம் என் பெயரில், குடியிருப்பது அம்மா. அப்பா போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. அம்மா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவள். காலமெல்லாம் அடுத்தவர் பேசுவதற்கு இணைப்புக் கொடுத்தவள், ஓய்வுக்குப் பிறகு தன் பங்கைப் பேசத் தொடங்கினாள். மாலை ஐந்து மணிக்குக் கீழே இறங்குவாள். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு. மற்ற வீட்டுப் பெண்கள் நாலு பேர் வருவார்கள். காய்கறித் தள்ளுவண்டி வரும். வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வண்டிக்காரரின் பரம்பரையை விசாரிப்பது அம்மாவுக்கு வழக்கம். அவர் பதிலுக்கு அம்மாவின் வாயை விசாரிப்பார். இருட்டும்வரை பெஞ்சு கலகலவென்றிருக்கும்.

பிறகு சர்க்கரை முற்றி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: “நம்ம பில்டிங்ல ரேம்ப் இருக்குல்ல?”

இருந்தது. லிஃப்டை விட்டு இறங்கிக் கார் நிறுத்தும் தளத்துக்குப் போக மூன்று படிகள். பக்கத்திலேயே, கட்டியவர் புண்ணியத்தில், ஒரு சாய்தளம். அதனால்தான் அம்மா ஆள் தேறினாள். திருவானைக்காவலிலிருந்து செல்வி என்ற பெண் துணைக்கு வருவாள். ஐந்து மணிக்குச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நிறுத்துவாள். இங்கே என்னோடு வந்துவிடு என்று நான் கூப்பிடும்போதெல்லாம் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: “அங்க அஞ்சு மணிக்கு நான் யாரோடடி பேசுவேன்?”

முதல் மாடி முரளிக்கு மலைக்கோட்டைப் பக்கம் பாத்திரக்கடை. நல்ல மனிதர். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அம்மாவின் கால் கறுத்துப்போன அன்று தன் காரில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். அதே காரைத்தான் சாய்தளத்தின் அடியில் குறுக்கே நிறுத்தினார். அவருக்கு ஒதுக்கிய இடம் வெளியே வேப்பமரத்தடி, காக்கை எச்சமிடும். சாய்தளத்தடியில் கூரை உண்டு. காரோ கறுப்பு.

செல்வி ஒவ்வொரு மாலையும் அவருக்கு போன் போடுவாள்.

“சார், வண்டிய கொஞ்சம் எடுத்தீங்கன்னா அம்மா போயிருவாங்க.”

“அடடே, சாவி கடையில எங்கிட்ட மாட்டிக்கிச்சேம்மா. நாளைக்கு மறக்காம தள்ளிப் போடறேன். அம்மாகிட்ட நான் ரொம்ப கேட்டேன்னு சொல்லு.”

அவர் கடைக்குப் போவது ஸ்கூட்டரில்.

3

நான் செக்ரட்டரிக்கு போன் செய்தேன். வரதன் சார், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. நெற்றியில் பளிச்சென்று திருமண். அவரோடு சண்டை போட்டுவிட்டுப் போனை வைக்கும்போதுகூட நமக்கு நல்லது நடந்துவிட்டதுபோல ஒரு நிறைவு வந்துவிடும்.

“கொழந்தே, நீ சொல்றது சத்தியம். அடியேன் இன்னிக்கே நோட்டீஸ் போட்டுடறேன்.”

போட்டார். ‘சில உறுப்பினர்கள் தங்கள் வாகனங்களைப் பொதுவழியில் நிறுத்துவதாகத் தெரியவருகிறது. அன்புகூர்ந்து ஒத்துழைக்கவும்.’

இந்தச் ‘சில உறுப்பினர்கள்’ எங்கள் சங்கத்தின் அரிய கண்டுபிடிப்பு. மொட்டை மாடியில் எச்சில் இலை போடுவதும் அவர்கள்தான். மோட்டாரை அணைக்க மறப்பதும், லிஃப்டில் மணல்மூட்டை ஏற்றுவதும் அவர்கள்தான். பன்னிரண்டு வீடுகளுக்கும் அப்பால் கண்ணுக்குத் தெரியாத பதின்மூன்றாவது வீட்டில் அவர்கள் குடியிருக்கிறார்கள். நோட்டீஸைப் படிக்கும் எல்லோரும் அந்த வீட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

வாட்ஸாப் குழுவில் முதல் பதில் முரளியுடையது: ‘கரெக்ட் சார். கட்டாயம் ஆக்‌ஷன் எடுக்கணும். வயசானவங்க எவ்ளோ கஷ்டப்படறாங்க.’ கூடவே மூன்று கட்டைவிரல்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சனி ஞாயிறு உட்கார்ந்து, சங்கத்துக்கு ஒரு முழு விதித்தொகுப்பை எழுதினேன். முதல் எச்சரிக்கை, இரண்டாம் எச்சரிக்கை, அதன்பிறகு வீட்டு எண்ணையும் பெயரையும் அறிவிப்புப் பலகையில் எழுதுவது. அனுப்பிவிட்டு, உலகம் திருந்தப்போகிற மகிழ்ச்சியில் தூங்கினேன். மறுநாள் வரதன் சார் கூப்பிட்டார்.

“அமிர்தமா எழுதியிருக்கேம்மா. ஆனா பேரைப் போடறதுன்னா மனஸ்தாபம் வந்துடும். நாளைக்கு லிஃப்ட்ல பார்த்தா மூஞ்சிய எங்க கொண்டு வெச்சுக்கறது?”

“சார், எங்க அம்மா மூஞ்சிய எங்க வெச்சுக்குவாங்க? வீட்டுக்குள்ளயேவா?”

“அவாளும் மெம்பர், நீயும் மெம்பர். அடியேன் நடுவுல ஒரு துரும்பு.”

அம்மாவின் விமர்சனம் இன்னும் சுருக்கமானது. “கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து வந்த மாதிரி எழுதியிருக்கியேடி. படிச்சது மூணே பேரு. மூணு பேரும் எனக்கு போன் பண்ணி, ‘உங்க பொண்ணுக்கு அங்க குளிர் ஜாஸ்தியா’ன்னு கேக்கறாங்க.”

கடைசியில் வரதன் சாரே வழி கண்டுபிடித்தார். யாரையும் நோகடிக்காத வழி. ஆண்கள் ஒதுங்குகிற சுவரில் சாமி டைல்ஸ் ஒட்டுவோமே, அதே வைத்தியம். மலைக்கோட்டையின் கீழே கடைவீதியில் ஒரு ஆஞ்சநேயர் டைல்ஸ் வாங்கிவந்து, சாய்தளத்தின் அடியில், சுவரில், காரின் பின்பக்க உயரத்துக்குப் பார்த்து ஒட்டினார். காரைக் கிளப்பினால் புகை சாமி முகத்தில் அடிக்கும்.

மறுநாள் காலையில் முரளி பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். காரை எடுத்து வேப்பமரத்தடியில் விட்டார்.

ஸ்டுட்கார்ட்டில் நான் சமையலறையில் குதித்தேன். அம்மா குரலில் பழைய துள்ளல் திரும்பிவிட்டது. “வாயுள்ள செக்ரட்டரிக்கு வாயில்லாத சாமி தேவலைடி!” என்றாள். அலுவலகத்தில் ஜெர்மன்காரர்களிடம் இதை ஒரு கதையாகச் சொன்னேன். சிரித்தார்கள். ஒருவர் மட்டும், அந்த டைல்ஸ் தன் வேலையைச் சரியாகச் செய்கிறதா என்று பிறகும் யார் சோதிப்பார்கள் என்று கேட்டார். அவரும் என்னைப் போலச் சோதிக்கிறவர்.

4

முதலில் யாரோ ஒரு செம்பருத்தி வைத்தார்கள். பிறகு அகல்விளக்கு. விளக்கு அணையாமலிருக்க ஒரு மாடம். காரை எடுத்த வாரமே கடையில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனதாக முரளி ஊரெல்லாம் சொன்னார். “நான் எடுக்கல சார். அவர்தான் என்னைப் பார்த்து ‘எடுடா’ன்னார்.” நன்றிக்கடனாகக் கருங்கல் மேடை கட்டினார். டைல்ஸ் போய்க் கற்சிலை வந்தது. கடையிலிருந்து பித்தளைக் குத்துவிளக்கு, மணி, தீர்த்தச் செம்பு. மேடை எழும்பியது அவருடைய கார் நின்ற அதே இடத்தில்தான், சாய்தளத்தின் பாதி வாயை அடைத்துக்கொண்டு. கார் என்றால் என்றைக்காவது நகரும்.

வரதன் சாரைப் பிடித்தேன்.

“கொழந்தே, டைல்ஸை ஒட்டினது அடியேன். வந்து ஏளியிருக்கறது திருவடி, சாட்சாத் ஆஞ்சநேயர். எழுந்திருங்கோன்னு அடியேன் எப்படிச் சொல்றது?”

‘காலணிகளைக் கழற்றவும்’ என்று ஒரு பலகை வந்தது. வேடிக்கை என்னவென்றால், எங்கள் சங்க வரலாற்றில் மறுநாளே நடைமுறைக்கு வந்த விதி இது ஒன்றுதான். பொதுக்குழு இல்லை, சில உறுப்பினர்கள் இல்லை. கூரியர் பையனைக்கூட நிறுத்திச் செருப்பைக் கழற்றவைத்தார்கள்.

அம்மா தன் ஒற்றைச் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “எனக்கு இருக்கறதே ஒண்ணு. பாவமும் பாதிதான் சேரும்” என்றாளாம். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது மாடி லலிதா, தினமும் பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள், சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

“செருப்பு சரிங்க அக்கா. சக்கரம்? அது தெருவெல்லாம் போயிட்டு வருது. பாத்ரூமுக்கும் இதே நாற்காலிதானே?”

“அதுக்கு வேற நாற்காலி லலிதா. சந்தேகம்னா மேல வந்து மோந்து பாரு.”

பெஞ்சில் அன்றைக்கு அதோடு பேச்சு வற்றிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை நடந்ததைச் செல்வி சொல்லித்தான் எனக்குத் தெரியும்; அம்மா சொல்லவில்லை. ஐந்து மணிக்கு நாற்காலியோடு இறங்கும்போது கீழே தீபாராதனை தொடங்கிவிட்டது. கூட்டம் சாய்தளத்தின் அடியை மறித்து நின்றது. யாரும் நகரவில்லை. சரிவின் நடுவில், மேலேயும் போக முடியாமல் கீழேயும் போக முடியாமல், செல்வி தன் உடம்பால் நாற்காலியைத் தாங்கிக்கொண்டு நின்றாள். பெஞ்சுக்காரப் பெண்கள் நாலு பேரும் கூட்டத்தில் இருந்தார்கள். பாட்டை நிறுத்தவில்லை. அடுத்து ஒரு பாட்டு, அதற்கடுத்து இன்னொன்று. செல்விக்குக் கை நழுவியது. நாற்காலி உருண்டு, மேடைக்கு முன்னால் போட்டிருந்த மாக்கோலத்தின் ஓரத்தைச் சக்கரம் அழித்துவிட்டது. மேடையில் படவில்லை. யார்மேலும் படவில்லை.

“அக்கா, அம்மா அந்தாண்ட போற வரைக்கும்கூட பொறுக்கலக்கா. அந்த லலிதா அம்மா வாளியில மஞ்சத்தண்ணி கொண்டாந்து, சக்கரத்துக்குப் பின்னாடியே ஊத்திக்கிட்டு வர்றாங்க. நான் தள்ளத் தள்ள ஊத்தறாங்க. அம்மா திரும்பிப் பாக்கல. வண்டிக்காரர்கிட்ட போயி, ‘கத்தரிக்காய் என்ன இப்படி சொத்தையா இருக்கு’ன்னு கத்துனாங்க பாருங்க, அன்னைக்கி மாதிரி அவங்க கத்தி நான் பாத்ததில்ல.”

அடுத்த வாரம் மேடையைச் சுற்றி இரும்புக் கிராதி. சாய்தளத்தின் மீதி வாயையும் அது சேர்த்து வளைத்துக்கொண்டது. தினமும் மாலையில் பூஜை நேரம் முழுக்கப் பூட்டு, ஐந்திலிருந்து ஏழு. சாவி முரளி வீட்டில்.

5

விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆண்டுப் பொதுக்குழு நடக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனேன். ஊருக்கு வந்து இறங்கிய அன்றே அளவு எடுத்தேன், படம் பிடித்தேன், மடிக்கணினியில் வரைந்தேன். யாரையும் குறை சொல்வதில்லை என்று தீர்மானித்திருந்தேன். ஒரே கோரிக்கை: சாமியை வேப்பமரத்தடிக்கு மாற்றலாம், அங்கே இதைவிடப் பெரிதாக, கூரை போட்டுக் கட்டலாம், செலவு என்னுடையது. இதை எவன் மறுப்பான் என்று நினைத்தேன். ஜெர்மனியில் இருந்தால் இப்படியெல்லாம் நினைக்கத் தோன்றும்.

கூட்டத்தைச் சன்னிதிக்கு முன்னாலேயே வைத்தார்கள். “சாமி முன்னாடி யாரும் பொய் பேச மாட்டாங்க பாருங்க” என்று முரளி ஏற்பாடு செய்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. அம்மாவை எப்படிக் கொண்டுவருவது என்று நான் விழித்துக்கொண்டிருக்கையில், முரளி லிஃப்ட் வாசலுக்கு வந்து, ஒரு நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்து, வாட்ச்மேனை மறுபுறம் பிடிக்கச் சொல்லி, மூன்று படிகளையும் தூக்கிக்கொண்டே இறங்கினார். “அம்மா வெயிட்டே இல்ல. பூ மாதிரி இருக்காங்க!” என்றார். அம்மா சிரித்தாள். அவள் கை அவர் தோளை இறுகப் பிடித்திருந்தது.

வரதன் சார் தொண்டையைக் கனைத்தார்.

“சில வெளிநாட்டு உறுப்பினர்களுக்குச் சன்னிதி விஷயத்துல மனக்குறை இருக்கறதா தெரியறது.”

பன்னிரண்டு வீட்டில் வெளிநாட்டு உறுப்பினர் நான் ஒருத்திதான். அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

எழுந்து பேசினேன். வேகமாகப் பேசினேன், எப்போதும் போல. வேப்பமரத்தடிப் படத்தைக் காட்டினேன்.

“காக்கா எச்சத்துலயா வெக்கச் சொல்றீங்க சாமிய?” என்றாள் லலிதா.

“ஏம்மா, ஜெர்மனியில ஒரு சர்ச்ச இப்படிப் பேத்து எடுத்து வெப்பாங்களா?” என்றார் முரளி. கைதட்டல்.

“ரேம்ப் எங்க அம்மாவுக்கு வேணும் சார். சாயங்காலம் ஒரு ரெண்டு மணி நேரம். அவங்க கேக்கறது அவ்வளவுதான்.”

“ரேம்ப் எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்? எங்க அம்மாவத் தூக்கற மாதிரி தூக்கிட்டு வருவேன்.”

“அஞ்சு மணிக்கு நீங்க கடையிலல்ல இருப்பீங்க?”

“சனிக்கிழமை இருக்க மாட்டேன்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். வெறுப்புச் சிரிப்பு இல்லை. ஒரு நல்ல பதிலுக்குச் சிரிக்கும் சிரிப்பு. அதுதான் தாங்கவில்லை.

வரதன் சார் கைதூக்கச் சொன்னார். மாற்ற வேண்டும் என்பவர்கள்? நான் தூக்கினேன். சுற்றிப் பார்த்தேன். என் கை மட்டும்.

அங்கேயே இருக்கட்டும் என்பவர்கள்? வரிசையாக எழுந்தன. முரளி தூக்கினார், லலிதா தூக்கினாள், பெஞ்சுக்காரர்கள் தூக்கினார்கள். முரளி சுமந்து வந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி, என்னைப் பார்க்காமல், அம்மாவும் கையைத் தூக்கினாள். செருப்பு மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. யாரும் எடுத்துத் தரவில்லை. சன்னிதியில் செருப்பைத் தொடக் கூடாது.

“பதினொண்ணு ஒண்ணுன்னு எழுதிக்குங்க சார்” என்றேன்.

“அப்படி எழுத முடியாதும்மா. ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டு. குடியிருக்கறவா அம்மாதானே? உன் கை கணக்குல வராது.” வரதன் சார் சட்டப்படி பேசி அன்றுதான் கேட்டேன். “ஏகமனதா நிறைவேறித்து.”

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கத்தினேன். அம்மா நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தாள். கால் எடுத்த இடத்தைக் கையால் நீவிக்கொண்டிருந்தாள்.

“நீ ஜெயிச்சிருப்பேன்னே வெச்சுக்க. ஜெயிச்சுட்டு அடுத்த வாரம் ஏரோப்ளேன் ஏறிடுவ. எனக்கு நெஞ்சு வலின்னா காரை எடுக்கறவன் யாரு? அந்த முரளிதான். அவன் அஞ்சு நிமிஷம் யோசிச்சான்னா நான் காலி.”

“அதுக்காக?”

“அதுக்காகத்தான். வேற எதுக்காக?”

“என்னோட வந்துடும்மா.”

“உன் வீடு எந்த மாடி?”

“மூணாவது.”

“லிஃப்ட் இருக்கா?”

பழைய கட்டடம். லிஃப்ட் இல்லை, சாய்தளமும் இல்லை. பளபளவென்று சுத்தமான படிகள்தான் இருக்கின்றன. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு டி.வி.யைப் போட்டாள்.

6

செல்வி இப்போது மதியத்தோடு போய்விடுகிறாள். மாலையில் தள்ளுவதற்கு நாற்காலி இல்லையே. ஐந்து மணிக்கு அம்மா பால்கனியில் உட்கார்ந்து என்னைக் கூப்பிடுகிறாள். இங்கே அது மதியச் சாப்பாட்டு நேரம். அலுவலகத்துக்குப் பின்னால் குளிரில் நின்றுகொண்டு ரொட்டியைக் கடித்தபடி கேட்கிறேன். கீழே பெஞ்சில் நடப்பதை அம்மா மேலிருந்து பார்த்துச் சொல்வாள். பேச்சு எட்டாது, உருவம் மட்டும்தான். யார் வந்தார்கள், யார் யாரோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள், யார் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார்கள்.

“வரதன் சாருக்கு உச்சியில வட்டமா சொட்டை விழுந்திருக்குடி. லலிதா சாயம் அடிக்கறதை நிறுத்திட்டா போல, வகிடு பூரா வெள்ளை. எல்லார் தலையும் எனக்கு இப்ப மனப்பாடம்.”

“அவங்க யாராவது மேல பாக்கறாங்களா?”

“எதுக்குடி பாக்கணும்? கழுத்து வலிக்கும்.”

காய்கறிக்காரர் மட்டும் கொஞ்ச நாள் அண்ணாந்து குரல் கொடுத்தாராம். கூச்சல் பூஜைக்கு இடைஞ்சல் என்று நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

போன சனிக்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போது வாசல் மணி அடித்தது. அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டே நாற்காலியை உருட்டிப் போய்க் கதவைத் திறந்தாள். முரளி.

“அம்மா, நீங்க வரவேண்டாம். சாமியே வீடு தேடி வந்துட்டார் பாருங்க. தயிர்சாதம், வடை. வடை உங்களுக்குன்னு எண்ணெய் ஒத்தி எடுத்தது.”

“நல்லா இருப்பா. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? கடைக்குக் கூட்டம் வருதா? உன் பொண்ணுக்குப் பரீட்சை முடிஞ்சுதா?”

முரளி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அம்மா இன்னொரு கேள்வி கேட்டாள். பிறகு இன்னொன்று. ஆபரேட்டர் காலத்துக் குரல். இணைப்பு அறுந்துவிடாமல் பிடித்துவைத்துக்கொள்கிற குரல். “வரேம்மா, கீழ ஆரத்திக்கு நேரமாச்சு” என்று அவர் கிளம்பினார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

எனக்குத் தாங்கவில்லை. “அந்தாளைப் போய் இவ்வளவு விசாரிக்கறியே, உனக்கு வெக்கமா இல்லையாம்மா?”

வடையை மெல்லும் சத்தம் வந்தது.

“வாரத்துல என் கதவை வேற யாருடி தட்டறா?” என்றாள் அம்மா. “சனிக்கிழமை ஆச்சுன்னா நான் நாலு மணிக்கே தலை வாரி, புடவை மாத்தி உக்காந்துடறேன்.”